பதிப்புரிமையும் படியெடுத்தலும்



திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர், வாயிற் கல்லிலே செதுக்கப்பட்டிருக்கும் இரு மீன்களையும், சிதைந்து நிற்கும் சில தமிழ் எழுத்துக்களையும் கண்டிருப்பர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை மதிலை எழுப்பியபோது அவ்வாயிலில் வந்து பொருந்திய கற்கள் அவை. கல்வெட்டின் வரிகள் முழுமையாக இல்லை. ஆயினும் அதில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை இவ்வூர் முதியோர் கூறுவர். எங்ஙனம் கூறுவர் எனின், அச்செய்யுள் ஏட்டிலும் நாவிலும் வழிவழியாகப் படியெடுக்கப்பட்டு வந்தமையினால் என்க. கல் உடைந்தது, படி பிழைத்தது. அறிஞர்கள் கல்லிலே காணும் குறை எழுத்துக்களை, மக்கள் காத்து வைத்த செய்யுளைக் கொண்டே நிரப்பிப் படித்தனர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கல்வெட்டு அன்று, புத்தகம். நூலகங்கள் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக மின்வருடி, கணினியில் எவரும் படிக்கத்தக்க வடிவில் வைக்கும் பணி இப்பொழுது உலகெங்கும் நடைபெற்று வருகின்றது. எண்ணிமமாக்கல் என்று நம் நாட்டிலே அதனைக் கூறுகின்றனர். அப்பணிக்கு இடையிலே ஒரு சிறு கடிதம் தேவைப்படுகின்றது. நூலாசிரியரோ, அவர் மறைந்திருப்பின் அவருடைய உரித்தாளரோ, 'இந்நூலைப் படியெடுத்து மக்கள் படிக்க வைக்கலாம்' என்று ஒப்பமிட்டுத் தரும் அனுமதிக் கடிதம் அது. எளிய காரியம் போலத் தோன்றும் இக்கடிதத்துக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

ஏட்டுச் சுவடிக் காலத்திலே அனுமதி என்ற பேச்சே எழவில்லை. பனையோலையின் ஆயுள் இருநூறு முந்நூறு ஆண்டு. அதற்குள் மற்றோர் ஓலையில் எழுதப்படாத நூல் அழிந்தது என்பதே பொருள். ஆகையால் படியெடுப்போன் கள்வனாகக் கருதப்படவில்லை. புண்ணியம் செய்தவனாகக் கருதப்பட்டான். சுவடியின் இறுதியிலே தன் பெயரையும் ஊரையும், எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டி அவன் விடைபெறுவான். நூலை இயற்றியவனுக்குப் பெருமை. எழுதிக் காத்தவனுக்கு நன்றி. பணம் என்பது புரவலனிடமிருந்து வந்ததேயன்றிப் படிப்பவனிடமிருந்து வந்ததன்று.

அச்சு யந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. ஒரு நூலின் ஆயிரம் படிகளை ஒரே வாரத்தில் எடுக்கலாம் என்ற நிலை வந்தவுடன், முதலீடு செய்தவனுடைய நூலை மற்றொருவன் மலிவாக அச்சிட்டு விற்கலாம் என்ற நிலையும் உடன் வந்தது. 1710ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில், ஆன் அரசியின் காலத்தில், ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய நூலின் அச்சுரிமை நூலாசிரியருக்குப் பதினான்கு ஆண்டு. அப்பொழுதும் அவர் உயிருடன் இருப்பின் இன்னும் பதினான்கு ஆண்டு. அதன் பின் நூல் ஊர்ப்பொது. அதே சட்டத்திலே பதிவு செய்யப்படும் ஒவ்வொரு நூலிலும் ஒன்பது படிகளைப் பல்கலைக்கழக நூலகம் முதலியவற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. பதிப்புரிமையும் நூலகமும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்று இரண்டும் ஒன்றோடொன்று வழக்காடுவதைக் காணும்போது எனக்குச் சிறிது வியப்பாகவே இருக்கின்றது.

அச்சட்டத்தின் நிழல் நம் தீவுக்கும் வந்தது. 1885ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி இங்கு அச்சாகும் நூல்களின் படிகள் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டியனவாயின. கொழும்பு நூதனசாலை நூலகம் அன்று முதல் அவற்றைப் பெற்று வந்தது. இவ்வாறு பிரிட்டிஷ் நூதனசாலைக்கும் தமிழ் நூல்கள் பல போய்ச் சேர்ந்தன. பார்னெற்று என்பாரும் போப் ஐயரும் அந்நூதனசாலையின் தமிழ் நூல்களுக்குத் தொகுத்த பட்டியல் 1909ஆம் ஆண்டிலே வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலும் மானிப்பாயிலும் அச்சான நூல்களை அதிலே காணலாம். நம் ஊரில் ஒரு படியேனும் கிடையாத நூலுக்கு இலண்டனில் ஒரு படி இருத்தல் கூடும் என்ற விந்தை நிலைமைக்குக் காரணம் அந்நியராட்சியின் பதிவேடுதான்.

பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அடுத்த ஆண்டளவில் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் ஆயுட்காலமும், அவர் மறைந்தபின் ஐம்பது ஆண்டுகளும் என்பது அதன் பொதுவிதி. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை அதற்குப் பதிலாக வந்தது. பின்னர் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்து, ஐம்பதை எழுபதாக உயர்த்தியது. 1955ஆம் ஆண்டிலே மறைந்த ஓர் ஆசிரியரின் நூல் பழைய கணக்கின்படி 2005ஆம் ஆண்டின் இறுதியிலேயே பொதுவாகியிருக்கும். புதிய கணக்கின்படி அது 2025ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இருபது ஆண்டு என்பது சட்டப் புத்தகத்திலே ஓர் எண். கடற்காற்றும் கறையானும் உள்ள ஊரிலே ஒரு புத்தகத்துக்கு அது நீண்ட காலம்.

நம் திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரிலே பிறந்து சென்னை சென்றவர். அங்கே மாநிலக் கல்லூரியைச் சார்ந்த கீழைத்தேயக் கையெழுத்துச் சுவடிகளின் நூலகத்தில் நூலகராகக் கடமையாற்றியவர். 'தத்தைவிடு தூது' என்ற சிறு நூலாலே பெண்களின் உரிமை பேசியவர். 1895ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மதுரைச் சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை அது. அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்தவர்களுள் ஒருவர், 1922இல் மறைந்தார். தம்பியார் அவருக்கு முன்னரே, 1902இல், இளவயதிலே மறைந்தார்.

சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். சரவணமுத்துப்பிள்ளையின் நூல்கள் அக்காலச் சட்டப்படியே 1952ஆம் ஆண்டில் ஊர்ப்பொதுவாகிவிட்டன. எவரும் எவரிடமும் கேளாது அச்சிடலாம், படியெடுக்கலாம். ஆயினும் அவர் பிறந்த ஊரிலே 'மோகனாங்கி'யைக் கண்ணால் கண்டோர் எத்தனை பேர்? என் மாணவப் பருவத்தில் அதன் பெயரை இலக்கிய வரலாற்றுப் பாடத்திலே மனனம் செய்தேன், நூலைப் பார்த்தேனில்லை. எனக்குக் கற்பித்தவரும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். உரிமை விடுதலையானால் மட்டும் நூல் வாழ்ந்துவிடாது. விடுதலையாகும் நாளில் ஒரு படியாவது உயிரோடு இருத்தல் வேண்டும். தம் வாழ்நாளைச் சுவடிகளுக்கு இடையிலே கழித்த நூலகர் ஒருவருடைய நூலுக்கே இக்கதி நேர்ந்தது.

இனி, உரிமை ஒருவர் கையிலே இறுகிப்போனால் என்ன நேரும் என்பதற்குத் தமிழுலகம் அறிந்த பெரிய எடுத்துக்காட்டு சுப்பிரமணிய பாரதியார். அவர் 1921ஆம் ஆண்டு செப்டெம்பரிலே மறைந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியவை கையெழுத்துத் தாள்களும் கடனுமே. மனைவியார் செல்லம்மாள் முதலிலே நூல்களை வெளியிட முயன்றார். பின்னர் உரிமை பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. அவர் பாரதி பிரசுராலயத்தின் வாயிலாகத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அப்பணி எளிதன்று, அதற்கு அவரைக் குறை கூறுவது நன்றியன்று. ஆயின் பாட்டை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை மட்டும் தனியே பிரிந்து, வணிகர் ஒருவர் கைக்குச் சென்று, அங்கிருந்து படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கைக்குப் போயிற்று. 1948ஆம் ஆண்டளவில் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்திலே பாரதியின் பாடல் ஒன்றைச் சேர்த்தபோது அது வழக்காக வெடித்தது.

அப்பொழுதுதான் தமிழ் மக்கள் ஒரு கேள்வியைக் கேட்டனர். விடுதலைப் பாட்டுக்குத் தனியொருவர் உடைமைக்காரரா? மேடைகளிலே பேச்சு எழுந்தது. பத்திரிகைகளிலே எழுத்து எழுந்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக விளங்கிய சென்னை அரசாங்கம் 1949ஆம் ஆண்டிலே பாரதியின் எழுத்துக்களின் உரிமையை ஏற்றுக்கொண்டது. குடும்பத்தாருக்கு ஒரு தொகை வழங்கப்பட்டது. ஐம்பதுகளின் நடுப்பகுதியிலே அவ்வுரிமை பொதுமக்களுக்கே விடப்பட்டது. ஓர் அரசாங்கம் ஒரு கவிஞரின் பதிப்புரிமையை வாங்கி மக்களுக்கு வழங்கியது உலகிலே அரிதான நிகழ்ச்சி என்பர். பிற்காலத்திலே தமிழ்நாட்டு அரசாங்கங்கள் இம்முறையைத் தொடர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, உரித்தாளர்களுக்குப் பரிவுத்தொகை வழங்கி வந்துள்ளன. அந்நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலே இன்று எவரும் படிக்கலாம்.

இலங்கையிலும் இவ்வாறு செய்யலாகாதா என்று கேட்போர் உண்டு. எனக்கு அதிலே முழு உடன்பாடு இல்லை. புகழ்பெற்றோரைத் தெரிந்தெடுத்து மாலையிடும் முறை அது. எமது ஊர்களிலே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு கோயில் தருமகர்த்தா, ஒரு கிராமத்துப் புலவர் எழுதிய நூலை எந்த அமைச்சரவையும் நாட்டுடைமையாக்கப் போவதில்லை. நாம் இழந்துகொண்டிருப்பவை அத்தகைய நூல்களே.

ஈழத்து நூல் வெளியீட்டின் இயல்பை நேயர்கள் அறிவீர்கள். ஆசிரியர் தம் கைப்பணத்தில் முந்நூறு படியோ ஐந்நூறு படியோ அச்சிடுவார். கோயில் மண்டபத்திலோ பாடசாலை மண்டபத்திலோ வெளியீட்டு விழா நடைபெறும். முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் பெறுவார். சிறப்புப் பிரதிகளை நண்பர்கள் பெறுவர். எஞ்சிய படிகளைப் பையிலே சுமந்து வீடு வீடாகச் சென்று விற்பவரும் அவரே. இரண்டாம் பதிப்பு என்பது பெரும்பாலும் ஆசையளவிலே நின்றுவிடும். இங்ஙனம் வெளிவந்த நூல்களின் ஐந்நூறு படிகளும், இடப்பெயர்வுகளிலே வீடுகளோடு அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலே கடற்கரை வீடுகளோடு போயின. தப்பியவை வாடைக்காலத்து ஈரத்திலும் இராமபாணப் பூச்சியின் வாயிலும் மெல்ல மெல்லக் கரைகின்றன.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவிலே தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் கூறுவேன். ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருப்பது பாதுகாப்பன்று என்ற பாடத்தை நாம் அன்று கற்றோம். அப்பாடத்தைச் செயலாக்க இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலிலே தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளிலுள்ள தமிழர்கள் தம் ஓய்வு நேரத்திலே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து மின்வடிவில் வைக்கலாம் என்று காட்டிற்று. பழந்தமிழ் நூல்களுக்குப் பதிப்புரிமை இடர்ப்பாடு பெரிதாக இல்லை. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஈழத்து இளைஞர் சிலர் தொடங்கிய நூலகத் திட்டமோ ஈழத்து எழுத்துக்களைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டது. அவற்றுள் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் நூல்கள். ஆகவே உரிமையாளரைத் தேடிச் செல்ல வேண்டிய பணி அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. பின்னர் நூலக நிறுவனமாக வளர்ந்த அவ்வமைப்பு, நூல்களையும் இதழ்களையும் சிறப்பு மலர்களையும் பல்லாயிரக் கணக்கில் எண்ணிமமாக்கி இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. அனுமதி கிட்டாத நூல்களுக்குப் பட்டியற் குறிப்பு மட்டும் உள்ள பக்கங்களும் அதன் தளத்திலே உண்டு. அவ்வெற்றுப் பக்கங்களைச் சிலர் குறையாகக் கூறுவர். நான் அவற்றை மதிக்கின்றேன். கேளாது எடுப்பதற்கும் கேட்டுக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகின்றது.

கேட்க வேண்டியது ஏன் என்று என் மாணவர்கள் வினவுவர். நல்ல காரியத்துக்கும் அனுமதியா என்பது அவர்களுடைய எண்ணம். பையிலே நூலைச் சுமந்து விற்ற ஆசிரியரை நான் அவர்களுக்கு நினைவூட்டுவேன். எவரும் விலைகொடுத்து வாங்காத நூலாயினும் அது அவருடைய உழைப்பு. அதைப் பிறர் முன் வைக்கலாமா என்று சொல்லும் உரிமை அவருடையது. அனுமதி அளிப்பதனாலே அவர் தம் உரிமையை விற்றுவிடுகிறார் என்பதும் தவறான அச்சம். இன்ன நூலை, இன்ன நூலகம், இலவசப் படிப்புக்காக மட்டும் வைக்கலாம் என்று எழுதிக்கொடுத்தால், மறுபதிப்புச் செய்து விற்கும் உரிமை அவரிடமே இருக்கும். இதனை விளக்கிக் கூறாமையினால் மறுத்தவர்களே மிகுதி. விளக்கிக் கூறியபின் மறுத்தவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சட்டமும் நூலகத்தை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான பயன்பாட்டுக்கு இடமளிக்கின்றது. இலாப நோக்கமற்ற நூலகம், தன்னிடமுள்ள நூலைப் பேணிக் காக்கும் பொருட்டும், அழிந்தோ சிதைந்தோ போன படிக்கு ஈடாகவும், வேறு படியை நியாயமான முறையில் பெற இயலாதவிடத்து, ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். ஒரு படி. உலகம் முழுவதும் படிக்க வைப்பதற்கு அவ்வாசகம் போதாது.

பிற நாடுகளிலே இவ்வெல்லை எங்கே என்பதைப் பற்றி நீண்ட வழக்குகள் நடந்துள்ளன. கூகுள் நிறுவனம் அமெரிக்கப் பெருநூலகங்களின் இலட்சக்கணக்கான நூல்களை மின்வருடியபோது எழுத்தாளர் சங்கம் 2005ஆம் ஆண்டிலே வழக்குத் தொடுத்தது. பத்து ஆண்டுகளின் பின், 2015இல், தேடுவதற்கும் சிறு துணுக்குகளைக் காட்டுவதற்கும் அது நியாயமான பயன்பாடே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைய ஆவணகம் என்னும் அமைப்பு, பதிப்புரிமையுள்ள நூல்களை முழுமையாக இரவல் வழங்கியபோது பதிப்பாளர் நால்வர் தொடுத்த வழக்கிலே, 2024ஆம் ஆண்டில் தீர்ப்பு அவ்வமைப்புக்கு எதிராகவே உறுதியாயிற்று. துணுக்குக்கு இடமுண்டு, முழு நூலுக்கு இல்லை என்பது அங்குள்ள நிலை.

உரிமையாளரைத் தேடியும் காணமுடியாத நூல்களை மேல்நாட்டார் அநாதை நூல்கள் என்று அழைக்கின்றனர். 2012ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென ஒரு விதி வகுத்தது. நூலகம் முறையாகத் தேடி, தேடியதைப் பதிவு செய்தபின், அந்நூலை எண்ணிமமாக்கி மக்கள் முன் வைக்கலாம். உரிமையாளர் பின்னர் தோன்றினால் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலே அத்தகைய ஏற்பாடு இல்லை. வீடிழந்து, ஊரிழந்து, கடல் கடந்து சிதறிய மக்கள் வாழும் நாட்டிற்கே அவ்விதி முதலில் வேண்டியிருந்தது என்பது என் கருத்து.

நான் இதனைக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பாடசாலை நூலகத்தின் இரும்பு அலுமாரியிலே மேலட்டை இழந்த நூல் ஒன்று இருக்கின்றது. அறுபதுகளின் தொடக்கத்தில், இந்நகரத்திலிருந்த ஒரு சிறு அச்சகத்திலே அச்சானது. ஆசிரியர், கொட்டியாரப் பகுதியிலே பல ஆண்டுகள் கற்பித்தவர். மூதூர், சம்பூர், வெருகல் முதலிய இடங்களிலே முதியோர் வாய்மொழியாகக் கேட்டவற்றை அவர் எழுதி வைத்தார். சிறு குளங்களின் பெயர், வயல்வெளிகளின் பெயர், எந்தக் குடியினருக்கு எந்தக் கோயிலிலே என்ன தொழும்பு என்பன அதிலே நிறைந்திருக்கின்றன. இலக்கியச் சுவை தேடுவோருக்கு அந்நூலில் அதிகமில்லை. ஆயின் 2006ஆம் ஆண்டிலே சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, 2015ஆம் ஆண்டிலிருந்து சிறிது சிறிதாக மீளக் குடியேறத் தொடங்கியபோது, காடு மூடிக் கிடந்த நிலத்திலே எந்த வெளி எங்கே தொடங்கியது என்று கேட்டு வந்தவர்களுக்கு அந்த அறுபத்துச் சொச்சம் பக்கங்கள் பெரிய பொருளாகத் தோன்றின. வேறெங்கும் அதன் படி இருப்பதாக நாம் அறியவில்லை.

ஆசிரியர் 1971ஆம் ஆண்டிலே காலமானார். சட்டப்படி அவருடைய உரிமை 2041ஆம் ஆண்டின் இறுதிவரை செல்லும். எனவே உரித்தாளரைத் தேடினோம். பழைய பத்திரிகைகளின் மரண அறிவித்தல்கள் இதற்கு மிகவும் உதவும் என்பதை நூலகர்களுக்குச் சொல்லி வைக்க விரும்புகிறேன். பிள்ளைகள், மருமக்கள், அவர்கள் வாழும் நகரங்கள் எல்லாம் ஒரே பத்தியிலே கிடைக்கும். அவருடைய துணைவியார் மறைந்தபோது வெளியான அறிவித்தலிலிருந்து நான்கு பிள்ளைகள் என அறிந்தோம். மூத்த மகள் திருகோணமலையிலேயே இருக்கின்றார். ஒரு மகன் கனடாவிலும் ஒரு மகள் இலண்டனிலும் வாழ்கின்றனர். இளைய மகன் 1990ஆம் ஆண்டிலே ஒருநாட் காலை வீட்டை விட்டுச் சென்றவர், திரும்பவில்லை.

அனுமதிக் கடிதத்தின் வாசகத்தை நானே எழுதினேன். சட்ட நுணுக்கத்தோடு எழுதியதாக எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. 'மேற்படி ஆசிரியரின் உயிருடன் உள்ள உரித்தாளராகிய நாங்கள்' என்று அது தொடங்கிற்று. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் இரு வாரங்களுக்குள் ஒப்பமிட்ட படிகள் வந்து சேர்ந்தன. மூத்த மகளிடம் நானே நேரிற் சென்றேன். எழுபதைத் தாண்டிய அம்மையார். மூக்குக்கண்ணாடியை அணிந்து முதல் வரியைப் படித்தார்; மீண்டும் படித்தார். தாளை மேசையிலே வைத்துவிட்டு, தேநீர் கொண்டுவர உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை.

வந்து அமர்ந்தபின் அவர் கூறியது இவ்வளவே: "அப்பாவின்ர புத்தகத்த ஊர் படிக்கிறதில எனக்குச் சந்தோசம், சேர். ஆனா மூண்டு பேர் எண்டு எழுதிப்போட்டு ஒப்பம் வைக்கச் சொல்லாதேங்கோ. எங்கட தம்பியின்ர பேரையும் போடுங்கோ."

நான் செய்த பிழை அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர். தம்பியை இறந்தவராகப் பதிந்துகொள்ளும்படி எத்தனையோ படிவங்கள் அவர்முன் நீட்டப்பட்டிருக்கும். அவை எவற்றிலும் இடாத ஒப்பத்தை ஒரு புத்தகத்துக்காக இடுமாறு நான் கேட்டுவிட்டேன். தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 'உயிருடன் உள்ள' என்ற சொற்களை நீக்கி, நான்கு பெயர்களையும் வரிசையாக எழுதி மறுநாள் கொண்டுசென்றேன். முதலாவது வரியிலே தம் ஒப்பத்தை இட்டார். வெளிநாட்டிலிருந்து இருவரும் புதிய தாளிலே மீண்டும் ஒப்பமிட்டு அனுப்பினர். நான்காவது பெயருக்கு எதிரே புள்ளிக்கோடு இருக்கின்றது.

அப்புள்ளிக்கோட்டோடு நூலை உலகின் முன் வைக்கலாமா என்று சட்டம் அறிந்த நண்பர் ஒருவரைக் கேட்டேன். மூவர் இசைந்தபின் எவரும் உம்மீது வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்றார் அவர். அது உண்மையே. ஆயினும் நான் கேட்ட கேள்விக்கு அது விடையன்று. நான்காமவர் இசையவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் சார்பிலே பேசச் சட்டப்படி ஒருவரும் நியமிக்கப்படவும் இல்லை. அநாதை நூல்களுக்கான விதி நம் நாட்டில் இருந்திருப்பின், தேடினோம் என்று பதிவு செய்துவிட்டு நூலைத் திறந்திருப்போம். அவர் திரும்பி வரின் அவர் சொற்படி நடந்திருப்போம். ஒருவரை இறந்தவரென்று கூறாமலே அவருக்காகக் காத்திருக்கத்தக்க விதி அது. அம்மையாரின் இல்லத்திலிருந்து திரும்பும் வழியிலே இதனையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

இப்பொழுதைக்குச் சட்டம் அனுமதித்த அந்த ஒரு படியை மட்டும் எடுத்து வைத்திருக்கின்றோம். மூல நூல் துணியிலே சுற்றப்பட்டு அலுமாரியின் மேற்றட்டிலே உள்ளது. படியைக் கட்டிவைத்து, நூலகத்தினுள் இருந்து படிப்போருக்குக் கொடுக்கின்றோம். அனுமதிக் கடிதம் அலுமாரியின் கீழ்த்தட்டில், கோப்பிலே இருக்கின்றது.

சென்ற தவணையிலே, சம்பூரிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்து படிக்கும் மாணவி ஒருத்தி அப்படியை வாங்கி, இடைவேளை முழுவதும் அதன்மேற் குனிந்திருந்தாள். தன் பாட்டனாருடைய வயல்வெளியின் பெயர் அதிலே நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கின்றது என்றாள். மணி அடித்தது. 'இன்னும் நாலு வரி இருக்குது, சேர்' என்று கூறி, தன் கொப்பியிலே எழுதி முடித்தபின்னரே எழுந்து வகுப்புக்குப் போனாள்.